போயா நாளில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியவர் யார்?

அண்மையில் ஒரு போயா நாளன்று தையிட்டிக்குப் போயிருந்தேன். திஸ்ஸ விகாரைக்கு முன்னால், வீதியோரத்தில், காணி உரிமையாளர்கள் வழமைபோலக் கூடியிருந்தார்கள். உள்ளே பிரித் ஓதும் ஒலி. வெளியே பதாகைகளோடு மக்கள். இரண்டுக்கும் நடுவில் பொலிஸார். 2023 இலிருந்து போயா நாட்களில் அங்கே காணக்கூடிய காட்சிதான் இது.

எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் நான்காக மடித்த காணி உறுதி. "தொண்ணூறாம் ஆண்டு ஓடேக்கை கையோடை கொண்டு போனது இதைத்தான்" என்றார். கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு சிங்கள இளைஞன் அவரோடு பேச விரும்பினான். பல்கலைக்கழக மாணவன். நான்தான் மொழிபெயர்த்தேன். அவன் கெட்ட நோக்கத்தோடு கேட்கவில்லை. உண்மையாகவே விளங்கிக்கொள்ள ஆசைப்பட்டான். "புத்தர் கோபத்தை விடச் சொன்னாரே அம்மா. நீங்கள் ஏன் இன்னும் விடாமல் இருக்கிறீர்கள்?"

அம்மா கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, கோபத்தை நான் எப்பவோ விட்டிட்டன். காணியைத்தான் விடேல்லை."

நான் மொழிபெயர்த்தேன். அவன் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த மாணவனின் கேள்வி அவனுடைய கேள்வி மட்டும் அல்ல. 2009 மே மாதத்திற்குப் பிறகு எம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி அது. மறந்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள், பழைய புண்ணைக் கிளறாதீர்கள் என்று சொல்கிறார்கள். மேடைகளில் அரசியல்வாதிகள் சொல்கிறார்கள். நல்லிணக்கக் கருத்தரங்குகளில் நல்ல மனம் படைத்தவர்களும் சொல்கிறார்கள். பல வேளைகளில் அந்தப் பேச்சுக்குப் பின்னால் புத்தரின் பெயர் நிறுத்தப்படுகிறது. பொறுப்புக்கூறலைக் கேட்பது மேற்கத்தேயப் பழக்கம் என்றும், பௌத்த மரபு கருணையின் மரபு என்றும் எமக்கு விளங்கப்படுத்துகிறார்கள்.

நான் பௌத்தன் அல்ல. ஆனால் அந்த மரபு உண்மையில் என்ன சொல்கிறது என்று அறிய வேண்டும் என்று தோன்றியது. ஜெனீவாவின் மொழியில் அல்லாமல், அவர்கள் போற்றும் நூல்களின் மொழியிலேயே எமது நியாயத்தைப் பேச முடியுமா என்று பார்க்க விரும்பினேன். வாசித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

முதலில் போயா நாள் என்பது என்ன? எமக்கு அது அரச விடுமுறை நாள், மதுக்கடையும் இறைச்சிக்கடையும் பூட்டப்படும் நாள். ஆனால் பிக்குமாரின் ஒழுக்க நூலான விநயத்தில் அது வேறொரு நாள். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் ஓர் எல்லைக்குள் வாழும் பிக்குமார் ஒன்றுகூட வேண்டும். பிக்குமாருக்கான 227 விதிகளும் ஓதப்பட வேண்டும். குற்றம் செய்தவர் அதை வெளிப்படுத்த வேண்டும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும், இதில் நீங்கள் தூய்மையாக இருக்கிறீர்களா என்று மூன்று தடவை கேட்கப்படும். குற்றம் இருப்பதை அறிந்துகொண்டே மௌனமாக இருந்தால், அந்த மௌனமே பொய்யாகக் கருதப்படும். சுருக்கமாகச் சொன்னால், போயா என்பது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நாள். பாதிக்கப்பட்டவர் மன்னிக்கும் நாளாக அதை விநயம் வகுக்கவில்லை. தவறு செய்தவர் வாய்திறக்கும் நாளாகவே வகுத்திருக்கிறது.

அந்த விதிகளில் மிகக் கடுமையானவை நான்கு. அவற்றை மீறியவர் அந்தக் கணமே பிக்கு நிலையை இழக்கிறார். அவற்றில் இரண்டாவது, கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்வது. அதற்கான பழைய விளக்கத்தில் காணி பற்றித் தனியாகப் பேசப்படுகிறது. வயல், தோட்டம், வீட்டு நிலம் எல்லாம் வருகின்றன. எல்லைக் கட்டையை நகர்த்துவதும் வேலியை நகர்த்துவதும் கூட வருகின்றன. இன்னொருவரின் நிலத்தைத் தனது என்று ஒரு பிக்கு உரிமை கோரினால் அது சிறு குற்றம். நிலம் தனக்குத்தானா என்ற சந்தேகத்தை உரிமையாளரின் மனதில் உண்டாக்கினால் அது பெருங் குற்றம். இனி இது எனக்குக் கிடைக்காது என்று உரிமையாளர் நம்பிக்கையைக் கைவிடும் கணத்தில் அந்தக் களவு முழுமையடைகிறது.

இந்த இடத்தை வாசித்தபோது எனக்கு அந்த அம்மாவின் பொலித்தீன் பைதான் நினைவுக்கு வந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை கொண்ட ஒரு சட்டம், களவை அளப்பதற்கு உரிமையாளரின் மனதைப் பார்க்கிறது. கட்டடம் எழுந்துவிட்டதா, கலசம் வைத்தாயிற்றா, இனி உடைக்க முடியுமா என்று அது கேட்கவில்லை. சொந்தக்காரர் தன் உரிமையைக் கைவிட்டாரா என்று கேட்கிறது. தையிட்டியில் வீதியோரத்தில் இருப்பவர்கள் போயாவுக்குப் போயா வந்து சொல்வது அதைத்தான். நாங்கள் கைவிடவில்லை.

விநயத்தில் இன்னொரு விதியும் உண்டு. ஒரு பிக்கு தனக்கென்று குடில் அமைப்பதானால்கூட, ஏனைய பிக்குமாரை அழைத்து வந்து இடத்தைக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். அந்த இடம் பிற உயிர்களுக்குத் தொல்லை விளைவிக்காததாக இருக்க வேண்டும். எறும்புகளின் இருப்பிடம்கூட அந்த விளக்கத்தில் கணக்கில் எடுக்கப்படுகிறது. ஆனால் 1990 இல் துரத்தப்பட்டு, தசாப்தக் கணக்கில் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காத்திருந்த மக்களின் காணியில், அது உயர்பாதுகாப்பு வலயமாக இருந்த வரலாற்றின் பின்னால், படையினரின் துணையோடு ஒரு விகாரை எழும்பியபோது யாரிடம் ஒப்புதல் கேட்கப்பட்டது? நான் எந்தத் தனிப் பிக்குவுக்கும் இங்கே தீர்ப்பு எழுதவில்லை. அந்தத் தகுதி எனக்கு இல்லை. அவர்களுடைய சட்டத்தில் உள்ள கேள்வியை அவர்களுடைய நாளில் கேட்கிறேன், அவ்வளவுதான்.

இனி மன்னிப்புக்கு வருவோம். பௌத்த நூல்களில் மன்னிப்பு இல்லையா? இருக்கிறது. ஆனால் அது எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மகத நாட்டு மன்னன் அஜாதசத்து தன் தந்தை பிம்பிசாரனைக் கொன்று அரசைப் பிடித்தவன். ஓர் இரவு அவன் புத்தரிடம் வருகிறான். தந்தையைக் கொன்றேன் என்று தன் வாயாலேயே சொல்கிறான். குற்றத்தைக் குற்றமாகக் கண்டு ஒப்புக்கொண்டதைப் புத்தர் ஏற்றுக்கொள்கிறார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மன்னன் போன பிறகு புத்தர் பிக்குமாரிடம், இவன் தந்தையைக் கொல்லாதிருந்தால் இந்த இருக்கையிலேயே மெய்யறிவின் கண் திறந்திருக்கும் என்ற கருத்தில் பேசுகிறார். ஒப்புக்கொண்டதனால் செய்த செயல் இல்லாமல் போய்விடவில்லை. மன்னன் என்பதற்காக விளைவு குறையவும் இல்லை.

அங்குலிமாலனின் கதை எமது பாடப்புத்தகங்களிலும் வந்த கதைதான். கொலைகாரன் துறவியானான் என்பதோடு அதை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு நடந்தது முக்கியம். துறவியான அங்குலிமாலன் பிச்சைக்குப் போகும்போது கல்லும் தடியும் வந்து விழுகின்றன. தலை உடைந்து இரத்தம் வழிய அவர் திரும்பி வருகிறார். பொறுத்துக்கொள், இது நீ செய்ததன் விளைவு என்பதே புத்தர் அவருக்குச் சொன்னதன் சாரம். ஊராரைக் கூப்பிட்டு, நீங்கள் ஏன் மறக்கவில்லை என்று புத்தர் கண்டிக்கவில்லை. பொறுமை கேட்கப்பட்டது குற்றம் செய்தவரிடம். இன்று எமது நாட்டில் அது தலைகீழாக இருக்கிறது.

இலங்கையின் அண்மைக்கால வரலாற்றிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானுடனான சமாதான மாநாடு நடந்தது. அன்றைய நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன இலங்கையின் சார்பில் பேசினார். பகை பகையால் தணிவதில்லை என்ற புத்தரின் போதனையை எடுத்துக்காட்டி, ஜப்பானிடம் இலங்கை நட்டஈடு கேட்காது என்று அறிவித்தார். ஜப்பானில் இன்றும் அந்த உரை நன்றியோடு நினைக்கப்படுகிறது. கமகுராவின் பெரிய புத்தர் சிலை இருக்கும் கோயில் வளாகத்தில் அவருக்கு நினைவுக்கல்லும் இருக்கிறது. தென்னிலங்கையில் நல்லிணக்கம் பேசுபவர்கள் இந்த உரையை அடிக்கடி நினைவூட்டுவார்கள்.

நல்லது. அந்த உரையை முழுமையாகவே எடுத்துக்கொள்வோம். ஜே.ஆர். முதலில் இலங்கைக்கு நேர்ந்த சேதங்களைச் சொன்னார். விமானத் தாக்குதல், பெரும் படைகள் நிலைகொண்டதால் வந்த பாதிப்பு, எமது இறப்பர் மரங்கள் அளவுக்கு மீறிப் பால் வெட்டப்பட்டது. இவற்றுக்கு நட்டஈடு கேட்கும் உரிமை எமக்கு உண்டு என்று சொன்ன பிறகே அதைக் கைவிடுவதாகச் சொன்னார். அதாவது, உண்மை முதலில் சொல்லப்பட்டது. கைவிட்டது பாதிக்கப்பட்ட தரப்பு. அதே மாநாட்டில் கையெழுத்தான உடன்படிக்கையின் 11 ஆவது உறுப்புரையில், போர்க்குற்ற நீதிமன்றங்களின் தீர்ப்புகளை ஜப்பான் ஏற்றுக்கொண்டது. தீர்ப்புகள் வந்த பிறகு, அவை ஏற்கப்பட்ட மேசையில், பாதிக்கப்பட்டவர் தாமாகக் கொடுத்த மன்னிப்பு அது. எம்மிடம் கேட்கப்படுவதோ விசாரணைக்கு முந்திய மன்னிப்பு. அதைக் கேட்பதும் பாதிப்பை விளைவித்த தரப்பு.

சான் பிரான்சிஸ்கோவில் அப்படிப் பேசியவர்தான் பிறகு நாட்டின் தலைவரானார். அவருடைய ஆட்சியில் 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஜூலை வந்தது. அந்த நாட்களில் நாட்டு மக்களுக்கு அவர் ஆற்றிய உரையில், வீடிழந்து உறவிழந்த தமிழர்களுக்கு ஓர் ஆறுதல் வார்த்தை இருக்கவில்லை. 2004 இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க கறுப்பு ஜூலைக்காக மன்னிப்புக் கேட்டார். அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வார்த்தையைத் தொடர்ந்து எந்தக் கதவும் திறக்கவில்லை.

ஒப்புக்கொள்ளாத இடத்தில் மன்னிப்புக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மிருசுவில் சாட்சி. 2000 டிசெம்பரில், இடம்பெயர்ந்திருந்த மக்கள் தமது வீடுகளைப் பார்க்கப் போனார்கள். சிறுவர்கள் உட்பட 8 பேர் கொல்லப்பட்டார்கள். இராணுவத்தைச் சேர்ந்த சுனில் ரத்நாயக்கவுக்கு 2015 இல் மரண தண்டனை தீர்ப்பாயிற்று. உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். மன்னிப்பு என்ற சொல்லை அன்று அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. கொல்லப்பட்டவர்களின் உறவுகளுக்கு அதில் எந்தப் பங்கும் இருக்கவில்லை.

செம்மணி இன்னொரு சாட்சி. மாணவி கிருஷாந்தியின் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட சோமரத்ன ராஜபக்ஷ, 1998 இல் நீதிமன்றத்தில், நூற்றுக்கணக்கான உடல்கள் செம்மணியில் புதைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். 1999 இல் நடந்த அகழ்வில் 15 உடல்கள் எடுக்கப்பட்டன. அத்தோடு விடயம் அமுங்கிப்போனது. 2025 இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளுடையவையும் அவற்றில் இருந்தன. மண் வாய்திறந்த பிறகும் மனிதர்கள் வாய்திறக்கவில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி தொடங்கிய தாய்மாரின் போராட்டம் கேட்பது இந்த ஒன்றைத்தான். பிள்ளையை என்ன செய்தீர்கள், சொல்லுங்கள். பௌத்த மொழியில் சொன்னால், அவர்கள் கேட்பது ஒரு போயா நாள்.

தென்னிலங்கைக்கும் இந்தக் கேள்வி புதியது அல்ல. 1987 முதல் 1989 வரையான காலத்தில் சிங்கள இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் காணாமல் ஆக்கப்பட்டார்கள். தெற்கின் தாய்மாரும் வீதிக்கு வந்தார்கள், கோயில்களில் தேங்காய் உடைத்துச் சாபமிட்டார்கள். மாத்தளையில் 2012 இல் வெளிவந்த புதைகுழிக்கும் இன்னும் விடை இல்லை. இன்று ஆட்சியில் இருப்பவர்கள் அந்தக் காலத்தில் தமது தோழர்களைப் பறிகொடுத்தவர்கள். சொல்லப்படாத குற்றம் ஒரு வீட்டுக்குள் எப்படி அழுகும் என்பதை அவர்கள் அறிவார்கள். மாத்தளைக்கு வேண்டிய உண்மை செம்மணிக்கும் வேண்டும் என்று சொல்ல அவர்களுக்குப் பெரிய கல்வி தேவையில்லை.

அப்படியானால் எமக்குக் காட்டப்படும் பௌத்தம் எங்கிருந்து வந்தது? மகாவம்சத்தில் ஒரு காட்சி உண்டு. எல்லாளனை வென்ற துட்டகைமுனு, தான் கொன்றவர்களை நினைத்து நிம்மதி இழந்திருக்கிறான். எட்டு அரஹந்தர்கள் வந்து தேற்றுகிறார்கள். நீ கொன்றதில் ஒன்றரைப் பேரே மனிதர்கள், மற்றவர்கள் விலங்குகளுக்கு ஒப்பானவர்கள் என்ற கருத்தில் ஆறுதல் சொல்கிறார்கள். சம்பவத்துக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட வரிகள் அவை. அந்தக் காட்சியில் பௌத்தனாக இருந்தவன் தூக்கமிழந்த அரசன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவனுடைய மனச்சாட்சி சரியாகவே வேலை செய்தது. அதை உறங்க வைத்ததுதான் பிழை. அந்தத் தாலாட்டை எமது அரசுகள் இன்றுவரை பாடிக்கொண்டிருக்கின்றன.

அரசியலமைப்பின் 9 ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடத்தை வழங்கி, புத்த சாசனத்தைப் பாதுகாப்பதை அரசின் கடமையாக்குகிறது. அந்த உறுப்புரை சமத்துவத்துக்கு முரணானது என்பது என் நிலைப்பாடு. ஆனால் அது இருக்கும்வரை ஒரு கேள்வி கேட்கலாம். சாசனம் என்றால் கட்டடமா, போதனையா? போதனை என்றால், கொடுக்கப்படாததை எடுக்காதே என்பதும் அதற்குள் வரும். முல்லைத்தீவு நீதிமன்றத்தின் கட்டளைக்குப் பிறகும் குருந்தூர்மலையில் கட்டுமானம் தொடர்ந்ததாக மக்கள் முறையிட்டார்கள். அந்த வழக்கை விசாரித்த நீதிபதி 2023 இல் உயிரச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவி விலகினார். அங்கே பாதுகாக்கப்பட்டது எது? புத்தரின் சொல் அல்ல என்பது மட்டும் உறுதி.

இதுவரை எழுதியதை எமது வாசகர்கள் பலர் தலையாட்டி வாசித்திருப்பார்கள். இனிச் சொல்லப்போவது அவ்வளவு இனிக்காது. போயா நாளின் அளவுகோலை அடுத்தவருக்கு மட்டும் பிடிக்க முடியாது.

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். பலர் காணி உறுதியைக்கூட எடுக்க முடியாமல் போனார்கள். புத்தளத்தில் பொலித்தீன் பையோடு இருந்த அம்மாமாரை நாங்கள் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்?

தையிட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாவிட்டபுரம் இருக்கிறது. 1968 இல் அங்கே கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் வழிபட உரிமை கேட்டு நின்றார்கள். கதவைப் பூட்டியது சிங்கள அரசு அல்ல, நாங்கள். அந்தக் காலங்களில் யாழ்ப்பாணத்தில் சிலர் பௌத்தத்தின் பக்கம் போனார்கள். தமது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், மனிதனாக மதிக்கப்பட வேண்டும் என்பதற்காகப் போனார்கள். 1956 ஒக்ரோபரில் நாக்பூரில் அம்பேத்கரும் அவரோடு இலட்சக்கணக்கான மக்களும் போன பாதையும் அதுதான். அவர்களுக்குப் புத்தர் விடுதலையின் பெயர். எமக்கு இன்று அவர் சிலை வடிவில் வந்து நிற்கும் ஆக்கிரமிப்பின் பெயராகிவிட்டார். இரண்டும் ஒரே பெயர் என்பதை நாம் மறக்கக்கூடாது. மணிமேகலையை எழுதிய மொழி எமது மொழி. அந்தக் காப்பியத்தில் அவள் சோழ மன்னனிடம் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. சிறைக்கூடத்தை அறச்சாலையாக மாற்றித் தரும்படி கேட்டாள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இளமையைத் தொலைத்தவர்களின் குடும்பங்களுக்கு இதைவிட நெருக்கமான பௌத்தம் எங்கே இருக்கிறது?

இவற்றை ஒப்புக்கொள்வதால் எமது நியாயம் குறையாது. எல்லோரையும் ஒரே தராசில் போட்டு, ஆளுக்கொரு பிழை, எல்லாம் சரி என்று முடிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. அரசின் பொறுப்பு அரசினுடையதுதான். எங்களுடையது எங்களுடையது. எமது பங்கை எமது வாயால் சொன்னவர்களாக அந்த விகாரை வாசலில் நின்றால், மூன்று தடவை கேட்கும் உரிமை எமக்கு இன்னும் வலுவாக இருக்கும்.

கேட்க வேண்டியவையும் மூன்றுதான். எடுத்த காணியைத் திருப்பிக் கொடுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். செய்தவர்களைச் சட்டத்தின் முன் நிறுத்துங்கள். இவற்றில் ஒன்றுகூடப் பௌத்தத்துக்கு எதிரானது அல்ல. இவற்றை மறுப்பதுதான் எதிரானது. இதைத் தென்னிலங்கையில், சிங்களத்தில், பன்சலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் எடுத்துச் சொல்லும் குரல்கள் பெருக வேண்டும். அதற்கு அந்த மாணவனைப் போன்றவர்கள் வீதியோரத்துக்கு வர வேண்டும். நாங்களும் அவர்களோடு பேச வேண்டும்.

அன்று மாலை பிரித் ஓதல் முடிந்தது. பொலிஸார் தடுப்புகளைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். அம்மா உறுதியை மறுபடியும் மடித்துப் பைக்குள் வைத்து, வாயை இறுகக் கட்டினார். அந்த மாணவன் அவரைக் கைபிடித்து எழுப்பிவிட்டு, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் எப்போது மறுபடி வருவீர்கள் என்று கேட்டான்.

"அடுத்த போயாவுக்கு" என்றார் அம்மா.